பிரம்பு போன இடத்தில் எதை வைத்தோம்

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்." ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கைக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் அப்பாக்களில் சிலர் இன்னும் இதைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். அவர்கள் கொடுக்கும் அனுமதி எங்களுக்குச் செல்லாது என்பது அவர்களுக்கும் ஓரளவு தெரியும். தமிழ்நாடு கல்வி விதிகளில் 51ஆவது விதியை 2003லேயே திருத்தி, அடி கூடாது என்று சொல்லியாகிவிட்டது. அப்புறம் 2009இன் கட்டாயக் கல்விச் சட்டத்தில் 17ஆம் பிரிவும் அதையே சொன்னது. அது 14 வயது வரைக்கும்தானே, ஒன்பது பத்துக்குப் பொருந்தாதே என்று குறுக்கு வழி பேசுகிறவர்களுக்கு 2015இன் சிறார் நீதிச் சட்டத்தில் 75ஆம் பிரிவு இருக்கிறது, 18 வயது வரை. பொறுப்பில் இருக்கும் பெரியவர் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் சிறைத் தண்டனை வரைக்கும் போகும்.

இதெல்லாம் நியாயம்தான், எனக்கு அதில் சண்டை இல்லை. என் சண்டை வேறு. பிரம்பை வாங்கிக்கொண்டவர்கள் அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை, நாங்களும் வைக்கவில்லை. எனவே இருபது வருடங்களாக அரசு மேல்நிலைப் பள்ளிகளில் என்ன நடக்கிறது என்றால், கத்துவது, முட்டி போடவைப்பது, வகுப்புக்கு வெளியே நிற்கவைப்பது, கடைசியில் "டி.சி. கொடுத்து அனுப்பிடுவேன்" என்று மிரட்டுவது. அந்த டி.சி.யை நாங்கள் கொடுப்பதும் இல்லை, அது பசங்களுக்கும் தெரியும். கொடுத்தால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? எங்கள் பக்கத்தில் அரசுப் பள்ளிதான் கடைசி நிறுத்தம், அதற்கப்புறம் பையன் என்றால் திருப்பூர் பனியன் கம்பெனி, பெண் என்றால் கல்யாணப் பேச்சு.

2022 ஏப்ரல் மாதம் நினைவிருக்கும். கொரோனாவுக்குப் பிறகு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 2021 செப்டம்பரில்தான் முறையாகத் திறந்தோம், 2021 தொடக்கத்தில் சில வாரம் தவிர ஒன்றரை வருடம் வீட்டில் இருந்த பிள்ளைகள். அந்தக் கல்வியாண்டு முடியும் நேரத்தில் வேலூர், திருப்பத்தூர் பக்கமிருந்து பெஞ்சை உடைக்கிற வீடியோ, ஆசிரியரை அடிக்கப் பாய்கிற வீடியோ என்று வரிசையாக வந்தன. மே மாதம் சட்டமன்றத்தில் அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி, ஒழுங்கீனமாக நடக்கும் மாணவர்களை நீக்கினால் அந்தக் காரணம் மாற்றுச் சான்றிதழிலும் நடத்தைச் சான்றிதழிலும் எழுதப்படும் என்றார். ஆசிரியர் ஓய்வறைகளில் கைதட்டல். சரி, கைதட்டிவிட்டு மறுநாள் எட்டாவது பீரியடுக்குப் போனபோது எதாவது மாறியிருந்ததா என்றால், இல்லை.

இந்த ஜூனில் எங்கள் பள்ளியில் புது நடைமுறைகள் கொண்டுவந்ததைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், வட மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள பள்ளி, நான் அறிவியல் எடுக்கிறேன். எங்கள் ஹெச்.எம். அறைக்கு வெளியே 'மாணவர் ஒழுக்க விதிகள்' என்று பச்சைப் பெயின்டில் ஒரு பலகை இருந்தது, முப்பத்திரண்டு விதிகள், முக்கால்வாசி "கூடாது" என்று முடியும். புதிதாக வந்த ஹெச்.எம். முதல் கூட்டத்தில் எங்களைப் பார்த்து, "இதுல ஏதாவது அஞ்சு விதியைப் பார்க்காம சொல்லுங்க சார்" என்றார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பலகைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டோம்.

எங்கள் பள்ளியில் பிரச்சினை எப்போதுமே ஒன்பதாம் வகுப்பில்தான் தொடங்கும். காரணம் ரொம்பச் சாதாரணமானது. எட்டு வரை உள்ள நடுநிலைப் பள்ளிகள் சுற்றிலும் நிறைய. அங்கே படித்து முடித்துவிட்டு வெவ்வேறு கிராமத்துப் பிள்ளைகள் ஒரே ஜூனில் எங்களிடம் வந்து விழுகிறார்கள். அங்கே ஒரு வகுப்பில் இருபது பேர், டீச்சருக்கு எல்லார் வீடும் தெரியும். இங்கே அறுபது பேர், எட்டு பீரியடுக்கு ஏழு ஆசிரியர்கள். எட்டு வரை எல்லாரும் தேர்ச்சி, ஒன்பதில்தான் முதன்முதலாக ஃபெயில் என்ற ஒன்று வருகிறது. இத்தனையும் சேர்ந்து நடக்கிற வருடத்தில் பள்ளி என்ன செய்யும்? அனுபவமுள்ள ஆசிரியர்களை எல்லாம் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் போட்டுவிடும், ரிசல்ட் வேண்டுமே. ஒன்பதுக்குக் கிடைப்பது மிச்சம் மீதி. ஊர் ஊராக உட்கார்ந்துகொள்ளும் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு சட்டத்தை அவர்களாகவே எழுதிக்கொள்வார்கள், ஜூலைக்குள் அது அமலுக்கும் வந்துவிடும்.

அதனால் ஹெச்.எம். எடுத்த முதல் முடிவு, விதி எதுவாக இருந்தாலும் அதை ஒன்பதாம் வகுப்பில் பாடம் மாதிரி நடத்த வேண்டும் என்பது. புதிதாக வந்த ஆங்கில ஆசிரியை ஒருவர் லண்டன் வெம்ப்ளியில் இருக்கும் மைக்கேலா பள்ளியின் வீடியோவைப் போட்டுக்காட்டினார். 2014இல் தொடங்கிய பள்ளி, வராந்தாவில் பிள்ளைகள் பேசாமல் நடப்பார்கள், பார்த்தால் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. எங்கள் வராந்தாவில் பேசாமல் நடக்கச் சொல்வதற்கு முதலில் வராந்தா வேண்டும், பாதி வகுப்புகள் வேப்பமரத்தைத் தாண்டித் தனிக் கட்டடத்தில் இருக்கின்றன. ஆனால் ஒன்றை எடுத்துக்கொண்டோம். அங்கே புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் பள்ளி எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிக் கொடுப்பதற்கே போகிறது. மற்ற கெடுபிடியை எல்லாம் வெம்ப்ளியிலேயே விட்டுவிட்டோம்.

நாங்களும் முதல் வாரம் பாடப்புத்தகத்தைத் திறக்கவில்லை. வகுப்புக்குள் எப்படி நுழைவது, நோட்டை எப்படிக் கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் கடத்துவது, சத்துணவுக்குத் தட்டோடு எந்தப் பக்கமாக வரிசை போவது, எந்தக் குழாயில் தட்டு கழுவுவது, கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் என்ன சொல்வது. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள், பதில் தெரியாமல் எழுந்து நின்று சிரிக்கிற பையன்தான் பாதி நேரம் 'திமிர் பிடித்தவன்' ஆகிறான். "தெரியல சார், திரும்பக் கேளுங்க" என்று ஒரு வாக்கியம் அவன் கையில் இருந்தால் அங்கே சண்டை வர வழி இல்லை. முதல் இரண்டு நாள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஜன்னலுக்கு வெளியே நின்ற பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்கள் "எல்.கே.ஜி., எல்.கே.ஜி." என்று கத்தினார்கள். மூன்றாம் நாள் நோட்டு கடத்துவதில் எந்த வரிசை முந்துகிறது என்று போட்டி வந்துவிட்டது. பதினான்கு வயதில் எதைக் கொடுத்தாலும் போட்டியாக்கிவிடுவார்கள்.

ஆனால் மாணவர்களுக்கு முன்னால் மாற வேண்டியது நாங்கள்தான் என்பதில் ஹெச்.எம். பிடிவாதமாக இருந்தார், இங்கேதான் உண்மையான தகராறு. பீரியட் மாறும் இடைவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் அப்படி ஓர் இடைவெளியே கிடையாது, ஒரு மணி அடித்தால் அடுத்த பீரியட். நடைமுறையில் ஓய்வறையிலிருந்து எழுந்து, டீயை முடித்து, வருகைப் பதிவேட்டைத் தேடி, வகுப்புக்குப் போய்ச் சேர ஏழெட்டு நிமிடம். பேனா பிடுங்குவது, பை தூக்கி எறிவது, அடிதடி எல்லாம் அந்த ஏழெட்டு நிமிடத்தில்தான். பழைய சம்பவப் பதிவேட்டைப் புரட்டினாலே தெரியும், ஆசிரியர் வகுப்பில் இருக்கும்போது நடந்தவை ரொம்பக் குறைவு. எனவே மணி அடிக்கும்போது அடுத்த ஆசிரியர் வாசலில் நிற்க வேண்டும், அவர் வராமல் முந்தைய ஆசிரியர் கிளம்பக் கூடாது என்றானது. இரண்டு கட்டடத்துக்கு நடுவே நான் எப்படிப் பறப்பேன் என்று கணக்கு மிஸ் கேட்டது நியாயமான கேள்வி, அதற்காகக் கால அட்டவணையையே மாற்றி எழுதினோம், ஒருவருக்கு அடுத்தடுத்த பீரியட் ஒரே கட்டடத்தில் வருகிற மாதிரி. இது மட்டும் நடந்திருந்தாலே போதும் என்று சொல்லுவேன்.

இரண்டாவது, வகுப்பில் ஆசிரியர் கைப்பேசியைப் பார்க்கக் கூடாது. வருகையைச் செயலியில் போட வேண்டும், அதற்குக் கைப்பேசி வேண்டும், சிக்னல் வேறு ஜன்னலோரம் போனால்தான் கிடைக்கும், அப்படியே வாட்ஸ்அப்பும் வந்துவிடும். முதல் பீரியடில் வருகை போட்டதும் அது பைக்குள் என்று பேசி முடித்தோம். பாதிப் பேர் கடைப்பிடிக்கிறார்கள். மீதிப் பாதியை பிள்ளைகள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மூன்றாவது, லீடர் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று பெயர் எழுதும் வழக்கத்தை ஒழித்தோம். நாம் எல்லாருமே இதில் வளர்ந்தவர்கள், பெயருக்குப் பக்கத்தில் இன்டு போட்டு, 'அதிகம் பேசியவர்கள்' என்று தனிப்பட்டியல் வேறு. ஏக்கமாகப் பார்த்தார் எங்கள் பி.டி. சார். ஆனால் லீடர் எந்த ஊர்ப் பையனோ அந்த ஊர்க்காரன் பெயர் பலகையில் வராது, சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அதற்குக் கணக்குத் தீர்ப்பார்கள். பதினான்கு வயதுப் பையனிடம் போலீஸ் வேலையைக் கொடுத்துவிட்டு அவன் நியாயமாக நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

தாமதத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் பிரேயர் தொடங்கியதும் கேட்டைப் பூட்டிவிடுவோம், வெளியே நிற்பவர்கள் தமிழ்த்தாய் வாழ்த்து முதல் அன்றைய குறள் வரை தெருவில் நின்று கேட்டுவிட்டு, உள்ளே வந்ததும் மைதானத்தில் காகிதம் பொறுக்க வேண்டும். சிலர் நிற்காமல் அப்படியே ஏரிக்கரைப் பக்கம் போய்விடுவார்கள், அன்றைக்கு ஆப்சென்ட். ஜூன் கடைசியில் தாமதமாக வந்தவர்களின் பெயரோடு ஊரையும் குறித்துக்கொண்டு பார்த்தால் பெரும்பாலும் ஒரே வழித்தடத்தில் வருகிறவர்கள். விலையில்லா சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் கிடைக்கும், ஒன்பதும் பத்தும் டவுன் பஸ்ஸை நம்பித்தான். அந்த பஸ் வருவதே மணி அடித்த பிறகு. பஸ் தாமதத்துக்குப் பையன் காகிதம் பொறுக்கிக்கொண்டிருந்தான். இப்போது கேட் பூட்டுவதில்லை. அந்த பஸ்ஸில் வருகிறவர்களுக்குத் தனிப்பட்டியல், அவர்கள் பின்பக்கமாக நேரே வகுப்புக்குப் போகலாம். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வரலாம், மூன்றாவது கையெழுத்துக்கு வகுப்பாசிரியர் வீட்டுக்கு போன் செய்வார். பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து பஸ் நேரத்தைக் கால் மணி முன்னால் தள்ளச் சொல்லி டிப்போவுக்கு மனு போயிருக்கிறது. பதில் வரவில்லை.

கழிப்பறையும் அதே கதைதான். வகுப்பு நேரத்தில் போகக் கூடாது என்று விதி, இடைவேளை பத்து நிமிடம், பெண் பிள்ளைகளுக்கு இருப்பதோ விரல்விட்டு எண்ணக்கூடிய கழிப்பறைகள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வரிசையில் பாதிப் பேர் நகரும் முன் மணி அடித்துவிடும். அப்புறம் இந்தப் பெண் ஏன் தண்ணீரே குடிப்பதில்லை, ஏன் மாதத்தில் மூன்று நாள் வருவதில்லை என்று கேட்டுக்கொண்டிருப்போம். நாப்கின் அரசே கொடுக்கிறது, அதற்குப் புதுயுகம் என்று திட்டமே இருக்கிறது, அதை மாற்றிக்கொள்ள நேரம் கொடுக்க வேண்டியது பள்ளிதானே. இடைவேளையை இரண்டாகப் பிரித்தோம், ஆறு ஏழு எட்டுக்கு ஒரு நேரம், மேலே உள்ளவர்களுக்கு ஒரு நேரம். வகுப்பு நேரத்தில் கேட்டால் காரணம் கேட்காமல் அனுப்ப வேண்டும், ஒரு சமயத்தில் ஒருவர். இதைத் தூண்டியது 'மாணவர் மனசு' பெட்டி. 2022இல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்த பெட்டி, சுவரில் 14417, 1098 என்ற உதவி எண்களோடு தொங்கிக்கொண்டிருந்தது, சாவி யாரிடம் என்பதே மறந்துபோயிருந்தது. திறந்தபோது உள்ளே இருந்த துண்டுச் சீட்டுகளில் பாதிக்கு மேல் தாழ்ப்பாள் இல்லாத கதவைப் பற்றி.

சாதியைக் காட்டக் கையில் கட்டும் கயிறு விஷயத்தில் எல்லாருக்கும் பயம் இருந்தது, சொல்லிவிடுகிறேன். 2019லேயே கல்வித் துறையிலிருந்து இது பற்றிச் சுற்றறிக்கை வந்தது, வந்த வேகத்தில் எதிர்ப்பு கிளம்பிக் கிடப்பில் போனது. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை வீடு புகுந்து வெட்டியது உடன்படித்த மாணவர்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி வேண்டாம், சாதி வண்ணம் பூசிய சைக்கிள் வேண்டாம், பிள்ளைகளைப் பெயரின் அகர வரிசையில் உட்காரவையுங்கள். பிரேயரில் நிறுத்தி வைத்துக் கத்தரிக்கோலால் அறுப்பது பல பள்ளிகளில் நடந்திருக்கிறது, அதைவிட மோசமான வழி இருக்க முடியாது, அறுபட்ட கயிறு மறுநாள் இரண்டு மடங்கு தடிமனாக வரும். எங்கள் ஹெச்.எம். முதலில் ஆசிரியர் கூட்டத்தில் பேசினார். நம் கையில் இருப்பதும் கழற்றப்பட வேண்டும் என்றார். "இது கோயில் கயிறு, சாமி விஷயம்" என்று இரண்டு பேர் எழுந்தார்கள், வெகு நேரம் காரசாரமாக ஓடியது. கடைசியில் பள்ளி நேரத்தில் யார் கையிலும் எதுவும் இல்லை என்று முடிவானது, ஆசிரியர், சமையலர், காவலாளி உட்பட. வகுப்பில் சொன்னபோது ஒரு பையன் என் கையைத்தான் முதலில் பார்த்தான், வெறும் கை, அவன் ஒன்றும் சொல்லாமல் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். எல்லாரும் அப்படி இல்லை. இரண்டு வீடுகளுக்குப் போய்ப் பேச வேண்டியிருந்தது, ஒரு வீட்டில் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அகர வரிசையில் உட்காரவைத்ததில் ஒரு வேடிக்கை. ஆகாஷ், அபிநயா எல்லாம் நிரந்தரமாக முதல் பெஞ்சு, யுவராஜும் வினோதினியும் நிரந்தரமாகச் சுவரோரம். இரண்டு வாரத்திலேயே யுவராஜ் வழக்கறிஞர் மாதிரி வாதாட வந்துவிட்டான். இப்போது வாரம் ஒரு பெஞ்சு முன்னால் நகரும், முதல் பெஞ்சு கடைசிக்குப் போகும். ஊர் செட் உடைந்தது இதில்தான், பேச்சுப் போட்டியோ சமத்துவ உறுதிமொழியோ உடைக்கவில்லை. 2024இல் வந்த மகிழ் முற்றம் திட்டமும் இதற்கு உதவுகிறது, குறிஞ்சி முல்லை மருதம் நெய்தல் பாலை என்று பள்ளி முழுதும் ஐந்து அணி. பல இடங்களில் அது புகைப்படம் எடுத்து ஏற்றுவதோடு நிற்கிறது என்பது என் எண்ணம், நாங்கள் அணிகளுக்கு வேலை கொடுத்துவிட்டோம், இந்த வாரம் சத்துணவு வரிசை முல்லை, குழாயடி பாலை. ஆறாம் வகுப்புப் பொடியனும் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணனும் ஒரே அணியில் வாளி தூக்குகிறார்கள், "எல்.கே.ஜி." என்று கத்தியவர்களில் ஒருவன்தான் முல்லைக்குத் தலைவன்.

மாணவன் கைப்பேசி கொண்டுவந்தால் முன்பு பிடுங்கி வைத்துக்கொண்டு அம்மாவை வரச் சொல்லுவோம். வருகிற அம்மாவுக்கு அன்றைய கூலி போச்சு, தண்டனை அவருக்கு. இப்போது முதல் தடவை சாயங்காலமே திருப்பிக் கொடுத்து வீட்டுக்கு ஒரு போன், திரும்பவும் கொண்டுவந்தால்தான் வரச் சொல்வது, அதுவும் வேலை முடிந்து அவர் வரும் நேரத்துக்கு வகுப்பாசிரியர் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது பிடிக்காததால் ஆசிரியர்களே முதல் போனை ஒழுங்காகச் செய்கிறார்கள், அது வேறு விஷயம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை எட்டாவது பீரியட் இன்னும் சந்தைதான். "எருமை", "தண்டச்சோறு" என்று பிள்ளைகளைக் கூப்பிடுவதை விடுங்கள் என்று எங்களுக்குள் எழுதி வைத்த விதியை மூத்தவர்கள் சிலர் சிரித்துக்கொண்டே மீறுகிறார்கள். முழுப்பரீட்சை முடிந்த அன்று மை தெளிக்கிற கூத்தை இந்த ஆண்டு எப்படிச் சமாளிப்பது என்று யாருக்கும் யோசனை இல்லை.

தலைமுடிக்கு மட்டும் இன்னும் விதியே எழுதவில்லை. பக்கவாட்டில் மழித்து உச்சியில் கொண்டை மாதிரி விட்டுக்கொண்டு வருகிறார்கள், பி.டி. சாருக்கு ரத்தம் கொதிக்கிறது, ஊர் சலூன்காரரிடமே சொல்லி வைப்போம் என்கிறார். முடி எப்படி இருந்தால் எனக்கென்ன, நோட்டு எழுதுகிறானா என்பதுதான் என் கேள்வி. கணக்கு மிஸ் பி.டி. சார் பக்கம். ஹெச்.எம். இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, இதை மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடமே கேட்போம், ஒன்பதாம் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளும் வந்து உட்காரட்டும் என்று சொல்லிவிட்டார். வகுப்பில் யாரை அனுப்பலாம் என்று கேட்டேன். ஒருமனதாக யுவராஜ் பெயரைச் சொன்னார்கள். கூட்டம் அடுத்த வாரம்.